மாவலிக் கணக்கு

குளிர்காலம் என்று நாம் சொன்னால் காஷ்மீர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் குடுமியான்மலையில் காலை வெயில் ஒரு மணி நேரம் லேட்டானாலே போதும், டீக்கடை பெஞ்சில் ஆளுக்கொரு துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். 20 டிகிரி என்றால் மப்ளர். 19-க்கு இறங்கினால், "இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இல்லப்பா" என்று வருஷா வருஷம் சொல்கிற அதே டயலாக்.

குளிர்கிறதோ இல்லையோ, குளிர்காலத்துக்கு உண்டான தீனியில் நாம் குறை வைப்பதில்லை. கார்த்திகைக்குப் பொரி உருண்டை. மார்கழிக்குக் கோயில் வெண்பொங்கல். திருவாதிரைக்குக் களி. தைக்குச் சர்க்கரைப் பொங்கல். நடுவில் சளி பிடித்தால் கொள்ளு ரசம். பிடிக்காவிட்டால், பிடிக்காமல் இருப்பதற்காகக் கொள்ளு ரசம். வெளிநாடுகளில் டிசம்பர் வந்தால் இஞ்சி போட்டு ரொட்டி சுட்டு, அதிலேயே குட்டியாக வீடு கட்டுவார்கள். அவர்களுக்கு இஞ்சி, நமக்குச் சுக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

இது அந்தச் சுக்கைப் பற்றியும், கொஞ்சம் கரிப்பொடியைப் பற்றியும்.

முதலில் ஊர். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மலை, மலையடியில் சிகாநாதர் கோயில். பெயர்க் காரணம் தெரிந்திருக்கும். கோயில் பூவில் ராஜா கண்ணில் ஒரு முடி பட்டுவிட்டது. அர்ச்சகர் உளறியடித்துக்கொண்டு, "சுவாமிக்குக் குடுமி உண்டு மகாராஜா" என்று ஒரு போடு போட்டார். "எங்கே, காட்டும்" என்று ராஜா கிளம்பிவிட, பக்தனைக் காப்பாற்ற லிங்கத்துக்கே குடுமி முளைத்ததாம். அதனால் எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் முடி கிடந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்தல விசேஷம் என்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவோம்.

அடுத்து மாவலி. இது என்ன என்று கேட்கும் சென்னைவாசிகளுக்காக ஒரு வார்த்தை. கார்த்திகை தீபத்தன்று பையன்கள் சுற்றுகிற நாட்டு மத்தாப்பு. சில ஊரில் மாவளி, சில ஊரில் கார்த்திகைப் பொறி, சில ஊரில் சுளுந்து. ஆண் பனையின் பூவைக் கரியாக்கி, பொடித்து, பழைய துணியில் சுருட்டி, பனைமட்டையின் நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு, நுனியில் நெருப்பு வைத்துத் தலையைச் சுற்றிச் சுழற்ற வேண்டும். ஆளைச் சுற்றி ஆறடிக்குப் பொறி மழை கொட்டும். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு எவ்வளவு எழுதினாலும் தெரியாது.

எங்கள் வீட்டில் அப்பா சுற்றுவார். ரைஸ் மில் வேலை முடிந்து சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்குவார். தெருவே வேடிக்கை பார்க்கும். "எங்கப்பா செஞ்சதுடா" என்று நான் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வேன்.

இது 2002 வரைக்கும்.

2003-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. மீசை முளைக்கலாமா என்று யோசிக்கிற வயசு; அறிவு முளைக்காத வயசு. கூடப் படித்த பையன் ஒருத்தன் கார்த்திகைக்குக் கடையில் வாங்கின கம்பி மத்தாப்பு, சங்கு சக்கரம், புஸ்வாணம் என்று பட்டியல் போட்டான். அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் சொன்னேன்: "எல்லாரும் காசு குடுத்து வாங்குறாங்க. நாம மட்டும் கரியக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு... அசிங்கமா இருக்கு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அன்னவாசல் போய் ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு வாங்கி வந்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் மாவலி கிடையாது.

அந்த ஒரு வரியை நான் 22 வருஷம் சுமந்தேன். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைப்பேன். ஆனால் அப்பாவும் பிள்ளையும் பேசுகிற பேச்சா அது? போன் பண்ணினால், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "அங்க மழையா?" "மழைதான்." "இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்." இதற்குள் மன்னிப்பை எங்கே நுழைப்பது? 2024 சித்திரையில் அப்பா போய்விட்டார்.

அந்த வருஷம் பண்டிகை கிடையாது. தீபாவளி, கார்த்திகை, பொங்கல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. வருஷம் திரும்பியது. 2025 தீபாவளிக்கு அம்மாவைச் சென்னைக்குக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குப்பா இனிமே இதெல்லாம். நீங்க சந்தோஷமா இருங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தத் தீபாவளி ராத்திரிதான் வம்பு வந்தது. தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி 7-லிருந்து 8 வரை ஒரு மணி நேரம் என்று கணக்கு. மணி எட்டு ஆயிற்று. என் மகள், இரண்டாம் வகுப்பு, கையில் பாதி மத்தாப்புப் பெட்டியோடு உதட்டைப் பிதுக்கினாள். சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று நான் வாயை விட்டேன்: "இதென்ன மத்தாப்பு! நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்கப்பா வீட்டுலேயே செய்வாரு. இந்த ஹால் சைஸுக்கு நெருப்பு வட்டம்!"

"உனக்குச் செய்யத் தெரியுமாப்பா?"

இந்த உலகத்தில் எந்த அப்பன் "தெரியாது" என்று சொல்லியிருக்கிறான்?

"ஓ... தெரியுமே."

இப்படித்தான் 2025 டிசம்பர் 3, புதன்கிழமை கார்த்திகை தீபத்துக்கு நானும் மகளும் ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு லீவு கேட்க ஆபீஸ் கிடையாது. மனைவியிடம்தான் கேட்க வேண்டும். அவளுக்கு ஆபீஸில் ஆடிட். "ஒரு மத்தாப்புக்காகப் பிள்ளைக்கு மூணு நாள் ஸ்கூல் கட்டா?" என்றாள். நான் உடனே இலக்கியத்துக்குத் தாவினேன். அகநானூற்றில் 141-ஆவது பாட்டு, நக்கீரர் பாடியது. மழை நின்ற வானத்தில் முழு நிலா கார்த்திகை மீனோடு சேருகிற ராத்திரி, தெருவெல்லாம் விளக்கு. பொருள் தேடப் போன புருஷன் இந்த விழாவை நம்மோடு கொண்டாட வந்துவிட மாட்டானா என்று வீட்டில் ஒருத்தி ஏங்குகிறாள். புதுப்பெண் அடுப்பில் பால் உலை வைப்பதும், பச்சை அவல் இடிக்கிற உலக்கைச் சத்தமும்கூட அதே பாட்டில் உண்டு. "பார், வேலைக்குப் போனவன் கார்த்திகைக்கு வீடு திரும்பணும்னு அப்பவே எழுதி வெச்சிருக்கான்" என்றேன்.

"அதுல வர்றவ பொண்டாட்டி. நீங்க போறது அம்மா வீட்டுக்கு" என்றாள். பாயிண்ட்தான். ஆனாலும் பர்மிஷன் கிடைத்தது.

பஸ்ஸில் போகும்போதே நான் ஒரு காஸ்ட் ஷீட் போட்டேன். பி.காம். படித்தவன், பழக்கம் விடாது. பழைய வேட்டித் துணி, ஸ்கிராப்தான், மதிப்பு 0. பனம்பூ 0. பனைமட்டை 0. கயிறு வீட்டில் இருப்பது, 0. ஆக மாவலி ஒன்றின் அடக்க விலை: ஒன்றுமில்லை! கம்பி மத்தாப்புக் கம்பெனிகளை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. அந்த ஷீட்டில் 'கூலி' என்று ஒரு வரியே இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேலை ஆரம்பம். அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன். "என்னமோ செய்யி" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் வீட்டில் காய்ந்த பனம்பூ ஒரு சாக்கு இருந்தது. மரத்தடியில் உதிர்ந்து காய்ந்ததைப் பொறுக்கி, மழை படாமல் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருந்தார். "இப்பல்லாம் யாருப்பா கேக்குறா. பனையே கொறைஞ்சு போச்சு" என்றார். உண்மைதான். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று சட்டசபையில் அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை வந்திருந்தது.

கொல்லையில் முழ ஆழத்துக்குக் குழி வெட்டினேன். மண் ஈரம். பூவைக் கொட்டி நெருப்பு வைத்தேன். ஆஹா, என்ன எரிச்சல்! தகதகவென்று ஆளுயரத்துக்கு ஜ்வாலை. மகள் கை தட்டினாள். நான் போட்டோ எடுத்தேன். வீடியோ எடுத்தேன். செல்ஃபி எடுத்தேன். மனைவிக்கு அனுப்பி, 'தந்தை வழிக் கலை' என்று தலைப்பும் கொடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் குழியில் இரண்டு கை சாம்பல்.

கரி எங்கே? கரி இல்லை. வெள்ளை வெளேரென்று சாம்பல். ஊதினால் பறந்தது. நெற்றியில் பூசிக்கொள்ளலாம், மாவலிக்கு ஆகாது. சாக்கில் மூன்றில் இரண்டு பங்கு காலி. மகள் என்னைப் பார்த்த பார்வையில் பட்டாசுக் கடை விளம்பரம் தெரிந்தது.

கொல்லை வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை.

"வேடிக்கை பாத்தா சாம்பல்தான் மிஞ்சும்" என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். "தள்ளு."

மிச்சப் பூவைக் குழியில் அடுக்கினாள். கொட்டவில்லை, அடுக்கினாள். நெருப்பு வைத்துவிட்டு, ஜ்வாலையைப் பார்க்காமல் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீ தணிந்து பூவெல்லாம் செக்கச் செவேலென்று கங்காக நின்ற நேரத்தில், "தகரம்!" என்றாள். ஆபரேஷன் தியேட்டர் டாக்டர் கத்தி கேட்கிற தோரணை. நான் ஓடிப்போய்க் கோழிக்கூட்டு மேல் கிடந்த பழைய தகரத்தைக் கொண்டுவந்தேன். குழியை மூடி, சுற்றி ஈர மண்ணை அப்பி, புகை வருகிற இடமெல்லாம் கையாலேயே அடைத்தாள்.

"காத்து போனா எரிஞ்சிரும். காத்து போகலைன்னா கரியாயிரும். அம்புட்டுத்தான். காலையில தொறக்கலாம்."

கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒரு வருஷம் நடத்தியதை அம்மா ஒரு மூச்சில் முடித்துவிட்டாள்.

புதன்கிழமை காலை தகரத்தைத் தூக்கினால், பூ பூவாகவே இருந்தது. ஆனால் கன்னங்கரேலென்று. தொட்டால் 'சலக்' என்று உடைந்தது.

"எப்படிம்மா இவ்வளவு கரெக்டாத் தெரியுது உனக்கு? அப்பா செய்யறதைப் பாத்துப் பாத்தா?"

அம்மா கரியை முறத்தில் அள்ளிக்கொண்டே கேட்டாள்: "உங்கப்பா எப்பச் செஞ்சாரு?"

"என்னம்மா சொல்ற? வருஷா வருஷம்..."

"சாயங்காலம் மில்லுலேருந்து வந்து சுத்துவாரு. கரி மூட்டம் போட்டது, இடிச்சது, துணி தைச்சது, மட்டை கட்டுனது எல்லாம் யாருன்னு நெனச்ச?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. நினைவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். வாசல், இருட்டு, நெருப்பு வட்டம், நடுவில் அப்பா, சுற்றித் தெரு ஜனம். அந்தப் படத்தில் எங்கே தேடியும் அம்மா இல்லை. எப்படி இருப்பாள்? அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருப்பாள். கரி இடிக்கும்போது நான் பள்ளிக்கூடத்தில். மட்டை கட்டும்போது நான் தெருவில். நான் பார்த்தது கடைசி அரை மணி நேரம் மட்டும்.

கணக்குப் பதிவியலில் 'எரர் ஆஃப் கமிஷன்' என்று ஒன்று உண்டு. ராமன் கட்டின பணத்தைக் கோபாலன் கணக்கில் வரவு வைத்துவிடுவது. இதில் விசேஷம் என்னவென்றால், டிரயல் பேலன்ஸ் ஜோராக டேலி ஆகும். தப்பு இருப்பதே தெரியாது. ராமன் வந்து கேட்டால்தான் உண்டு. எங்கள் வீட்டு ராமன் கேட்கவே இல்லை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன். "அம்மா... நான் ஒம்பதாவது படிச்சப்போ மத்தாப்பு வேணும்னு சொன்னேனே. அப்பாவுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமோ?"

"அவருக்கென்ன? 'தோள்பட்டை வலி மிச்சம்'னாரு."

"அந்த வருஷம் கரி...?"

"அது முன்னாடியே இடிச்சு வெச்சாச்சு. ரெண்டு நாளு இடிச்சது. கொட்டவா முடியும்?"

"என்ன பண்ணுன?"

"உப்புப் போட்டு டப்பாவுல வெச்சேன். ஆறு மாசம் எல்லாரும் பல்லு வெளக்குனோம். நீயுந்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் 'ரெண்டு நாளு இடிச்சது' என்ற வார்த்தை மட்டும் சிரிப்போடு போகாமல் அங்கேயே நின்றது. 22 வருஷமாக மன்னிப்பை வைத்துக்கொண்டு தப்பான அட்ரஸில் காத்திருந்திருக்கிறேன். சரியான ஆள் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறாள், ஒவ்வொரு போனிலும் "இந்தா, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்று எனக்குக் கொடுக்கப்பட்டுக்கொண்டு.

கொஞ்சம் காற்றாட மகளைக் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனேன். குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில்தான் அந்தப் பிரசித்தி பெற்ற இசைக் கல்வெட்டு. சுமார் 7-ஆம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து, 7 பிரிவுகளாக ஸ்வரங்கள். செதுக்க வைத்த அரசர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் என்பது ஒரு கட்சி. ஆனால் எதற்காக என்பதில் வழக்கே இல்லை. கல்வெட்டிலேயே இருக்கிறது. ருத்ராசாரியாரின் சீடரான அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது.

"என்னப்பா எழுதியிருக்கு?"

"பாட்டு எப்படிப் பாடணும்னு, மத்தவங்க கத்துக்கிறதுக்காகப் பாறையில எழுதி வெச்சிருக்காங்க."

"அப்பத்தா மாவலி செய்யறதை எங்கப்பா எழுதி வெச்சிருக்கு?"

குழந்தைகளுக்கு இந்தக் கேள்விகளை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது கடையில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

வந்து கரி இடிக்க உட்கார்ந்தோம். "மிக்ஸியில போட்டுடலாமாம்மா?" என்றேன். "போடு. பொங்கலுக்கு வந்து கறுப்புச் சட்னி சாப்பிடு" என்றாள். அம்மிதான். பத்து நிமிஷத்தில் என் மூக்கு, நெற்றி, மகளின் கன்னம் எல்லாம் கரி. அரை மணியில் தோள்பட்டை கழன்றது. அம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, "இன்னும் நைசா" என்றாள். இப்படி நாலு தடவை. பிறகு ஒரு பிடி உப்பு. பொறி சடசடவென்று விழுமாம்.

துணிக்கு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அப்பாவின் வேட்டி ஒன்று. எட்டு முழம், கரை மங்கிப் போனது. கையில் வாங்கிக்கொண்டு தயங்கினேன்.

"கிழிக்கட்டுமாம்மா?"

"கிழி. அவரு வந்து கட்டிக்கவா போறாரு?" என்று சொல்லிவிட்டு, ஊசி நூல் தேடுவது போல உள்ளே போனாள். ஊசி நூல் என் எதிரிலேயே இருந்தது. திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று. நானும் கேட்கவில்லை.

முறை இதுதான், நோட்டில் எழுதியபடி. ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் மாதிரி துணியைத் தைத்து, கரிப்பொடியைக் கெட்டியாகத் திணித்து, வாயைத் தைத்துவிட வேண்டும். மேலே நூலால் நெருக்கிச் சுற்ற வேண்டும். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் சுருணையை வைத்து, மட்டையின் இரண்டு முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். பச்சை மட்டைதான், காய்ந்தது ஆகாது, எரிந்துவிடும். ஒன்றரை கஜம் கயிறு. தலைக்கு மேல் கூரை, வைக்கோல், கரண்டு வயர் எதுவும் இருக்கக்கூடாது. நைலான் சட்டை வேண்டாம். நூல் வேட்டி, நூல் பனியன்.

அடுத்து அடுப்படி. "உருண்டையும் நானே பிடிக்கிறேன்" என்றேன். வீரம் வந்துவிட்டால் ஒரு இடத்தோடு நிற்பதில்லை. பொரி உருண்டைக்கு அம்மா கணக்கு: 6 டம்ளர் பொரிக்கு 1 டம்ளர் பொடித்த வெல்லம். வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவிட வேண்டும். சுக்குப்பொடி, ஏலக்காய், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. எல்லாம் சுலபம். பாகுப் பதம்தான் பரீட்சை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டியாக உருள வேண்டும். அதைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். 'டொப்' என்றால் இன்னும் கொதிக்கட்டும். சத்தமே வராவிட்டால் உருண்டை பிடிக்காது. ஸ்பூன் போட்டுச் சாப்பிடலாம்.

'டங்' கேட்டது. பாகைப் பொரியில் கொட்டிக் கிளறி, "இப்பப் புடி, ஆறுறதுக்குள்ள" என்றாள். கையை வைத்தேன்.

நான் போட்ட சத்தத்தில் மலை மேல் இருக்கிற 63 நாயன்மார்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

"அரிசி மாவத் தொட்டுக்கடா. அமுக்காத. பூ மாதிரி புடி" என்று சொல்லிக்கொண்டே அம்மா கையை விட்டு அள்ளி அள்ளி உருட்டிப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆவி பறக்கிற பாகு; அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை காய்த்து, மரப்பலகை மாதிரி இருந்தது. 1988-இல் முதல் கார்த்திகை. அதிலிருந்து 2023 வரை 36 கார்த்திகை. வருஷத்துக்கு 100 உருண்டை என்று குறைத்து வைத்தாலும் 3,600. ஒவ்வொன்றும் ஆறுவதற்குள் பிடித்தது. நாங்கள் எல்லாரும் ஆறின பிறகு சாப்பிட்டோம்.

என் காஸ்ட் ஷீட்டில் விட்டுப்போன வரி இதுதான். கூலி.

நான் பிடித்தது எட்டு உருண்டை. மூன்று கோளம், மற்றவை இந்தியாவின் பல்வேறு மாநிலங்களின் வரைபடம்.

சாயங்காலம் வாசலில் விளக்கு வைத்தோம். தெருவில் அங்கங்கே அகல்கள். நான் நூல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மகள் கேட்டாள், "அப்பத்தா எங்க?" அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "நான் எதுக்கும்மா நல்ல நாளும் அதுவுமா முன்னாடி வந்து நின்னுக்கிட்டு. நீங்க சுத்துங்க." இந்த வழக்கமெல்லாம் யார் எழுதி வைத்தது என்று தெரியாது. இதற்கு மட்டும் பாறையும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். எல்லாருக்கும் மனப்பாடம்.

"அப்ப கொல்லைக்குப் போவோம்" என்றேன். அங்கே வயல் வரைக்கும் வெட்டவெளி. மகள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

நுனியில் கங்கு வைத்தேன். சுற்றினேன். புகை. இன்னும் சுற்றினேன். இன்னும் புகை. மகள், "அப்பா, மத்தாப்பு மிச்சம் இருக்கா?" என்றாள்.

"வேகமாச் சுத்து. காத்து போகணும்ல" என்றாள் அம்மா.

பட்டாசில் வெடியுப்பு இருக்கிறது. எரிவதற்கான ஆக்ஸிஜனை அது கொடுத்துவிடும். மாவலியில் அதை உங்கள் தோள்பட்டை கொடுக்க வேண்டும். நேற்றுக் காற்று போகாமல் அடைத்தது கரியாவதற்கு. இன்று காற்றைத் திணிப்பது ஒளியாவதற்கு. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். முதலில் ஒரு பொறி. அப்புறம் நாலு. அப்புறம் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தத்தோடு, இருட்டைக் கிழித்துக்கொண்டு முழு வட்டம்! தங்கப்பொடியை யாரோ மேலிருந்து வாரி இறைத்த மாதிரி. உப்பு சடசடத்தது. மகள் குதித்தாள்.

"அப்பா! சூப்பர்ப்பா! நீ செஞ்சது சூப்பர்!"

மறுபடியும் அதே தப்பு. வரவு வேறு கணக்கில் ஏறப் பார்த்தது. கையை நிறுத்தினேன்.

"நான் செய்யலடா கண்ணு. நான் செஞ்சது சாம்பல். இது அப்பத்தா செஞ்சது. எங்கப்பா சுத்துனதும் அப்பத்தா செஞ்சதுதான்."

மகள் ஓடிப்போய்க் கயிற்றின் முனையை அம்மா கையில் வைத்தாள். "அப்பத்தா, நீ சுத்து."

"அய்யய்யே, நானா? பொம்பளைங்க சுத்துறதா..." என்று அம்மா பின்வாங்கினாள். இருட்டில் என்னைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் பொறி பிடித்தது. வருஷா வருஷம் செய்தவள், முதல் தடவையாக அந்த வட்டத்துக்கு நடுவில் நின்றாள்.

ஐந்தாறு சுற்று முடிந்ததும் கயிற்றை என்னிடம் கொடுத்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வெளிச்சம்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா அந்த மனுஷன் அவ்வளவு பெருமை அடிச்சாரு!"

அன்று ராத்திரி கொள்ளு ரசம், சுட்ட அப்பளம். குளிருக்கு இதமாக இருந்தது. அம்மா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். அப்பா போன பிறகு அதை நான் அன்றுதான் பார்த்தேன்.

படுப்பதற்கு முன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் திருத்தப் பதிவு ஒன்று போட்டேன். அப்பா கணக்கு, பற்று. அம்மா கணக்கு, வரவு. விவரம்: 2002 வரை தவறுதலாக ஏறிய மாவலிகள், இப்போது திருத்தப்பட்டது. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். சுற்றின கூலி அவர் கணக்கில் அப்படியேதான் இருக்கிறது. 2003-ஆம் வருஷத்துக் கரியைத் தனியாக எழுதினேன். அது என் கணக்கில் பற்று. அதை நேர் செய்ய எந்த என்ட்ரியும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எட்டு உருண்டையில் நாலைப் பொட்டலம் கட்டிச் சென்னைக்குக் கொண்டுபோனேன். மனைவி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பிறகு மேஜையில் தட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வீட்டுல சுத்தியல் இருக்கா?"

இந்தப் பொங்கலுக்கு மூன்று பேரும் ஊருக்குப் போனோம். மாட்டுக் கொட்டகைப் பக்கம் எதேச்சையாகப் போனேன். கூரையில் புதுசாக ஒரு சாக்கு செருகியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். காய்ந்த பனம்பூ.

"யாரும்மா குடுத்தது?"

"யாரு குடுப்பா? நான்தான் பொறுக்கி வெச்சேன்" என்றாள் அம்மா, பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டே. "போன தடவ நீ முக்கால் சாக்கை எரிச்சுப்புட்ட. இந்தத் தடவ கொஞ்சம் கூடவே வேணும்ல?"